சதுரகிரி மாதவழிபாடு: திதி, மலைவழி, பொழுது

ஆய்வுச்சுருக்கம்

மலைக்கோயில்களில் திங்கள்தோறும் நிகழும் வழிபாட்டை 'மாதவழிபாடு' என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறோம். அச்சொல்லுக்குள் வேறுவேறு காலக்கணக்குகள் அடங்கியுள்ளன. சதுரகிரி சுந்தரமகாலிங்கம் கோயிலில் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி நிகழும் வழிபாட்டுப் பயணத்தை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அதன் காலக்கணக்கு, மலைவழியின் இடப்பெயர்கள், 2015ஆம் ஆண்டுக்குப் பின் வந்த அனுமதி முறை ஆகிய மூன்றையும் இணைத்து ஆராய்கிறது. அனுமதி முறை திதிக்குரிய நாளைக் காத்தது. ஆனால் அத்திதிக்குரிய பொழுதை வழிபடுவோரிடமிருந்து நீக்கியது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: சதுரகிரி, திதி, அமாவாசை, பிரதோஷம், மலைவழி, ஆற்றுப்படை, இடப்பெயர்.

முன்னுரை

தமிழர் சமயவாழ்வில் மலை வழிபடுமிடமாக விளங்குவது தொன்மையான மரபு. தொல்காப்பியம் குறிஞ்சியைச் சேயோனுக்கு உரியதாக்குகிறது. திருமுருகாற்றுப்படை முருகன் உறையும் இடங்களுக்கு ஆற்றுப்படுத்துகிறது. பரிபாடலின் பதினைந்தாம் பாடல் திருமாலிருங்குன்றத்தைச் சுற்றத்தோடு சென்று வழிபடுமாறு அழைக்கிறது. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை அக்குன்றிற்குச் செல்லும் வழியையும் அங்குள்ள புண்ணியசரவணம், பவகாரணி, இட்டசித்தி என்னும் மூன்று பொய்கைகளையும் கூறுகிறது. இந்நூல்கள் மலைக்குச் செல்லும் வழியையும் மலையின் இயல்பையும் விரித்துரைக்கின்றன. ஆனால் இன்றைய மலைப்பயணத்தில் வழியோடு காலமும் இன்றியமையாத கூறாக உள்ளது. எந்த மலைக்கு என்று கேட்பவர் அடுத்து எந்த நாளில் என்று கேட்கிறார். மலைக்கோயில் பற்றிய ஆய்வுகள் தலவரலாற்றுக்கும் சித்தர் மரபுக்கும் தரும் இடத்தை இக்காலக்கூற்றுக்கும் தருதல் வேண்டும். அந்நோக்கில் சதுரகிரி இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

'மாதம்' என்னும் சொல்லின் பொருள்

திங்கள்தோறும் வழிபாடு நிகழும் மலைக்கோயில்களை அவற்றின் காலக்கணக்கு நோக்கி வகைப்படுத்தலாம்.

முதலாவது சூரியமாதக் கணக்கு. சபரிமலையில் மண்டல, மகரவிளக்குக் காலம் நீங்கலாக, ஒவ்வொரு மலையாள மாதத்தின் முதல் ஐந்து நாள்களில் மாதபூசை நிகழ்கிறது. சூரியமாதம் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை வரும். கூடுவதும் குறைவதும் இல்லை.

இரண்டாவது நட்சத்திரக் கணக்கு. பழனி முதலிய முருகன் தலங்களில் மாதக் கார்த்திகை சிறப்புடையது. நிலவு ஒரு நட்சத்திரத்திலிருந்து புறப்பட்டு மீண்டும் அதனை அடைய ஏறத்தாழ 27.3 நாள் ஆகும். ஆகவே கார்த்திகை நட்சத்திரம் ஓராண்டில் பதின்மூன்று அல்லது பதினான்கு முறை வரும்.

மூன்றாவது திதிக் கணக்கு. சூரியனுக்கும் நிலவுக்கும் இடையிலான கோணம் பன்னிரண்டு பாகை விலகும் காலம் ஒரு திதி. முப்பது திதிகள் கொண்ட இச்சுற்று ஏறத்தாழ 29.5 நாளில் நிறைவுறும். திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் வருவது இவ்வகை. சதுரகிரியும் இவ்வகையினதே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. திருவண்ணாமலையில் சுற்றின் ஒரு முனையான பௌர்ணமியே பெருங்கூட்டத்தைத் திரட்டுகிறது. சதுரகிரியில் அமாவாசை, பௌர்ணமி ஆகிய இரு முனைகளும் வழிபாட்டுக்கு உரியனவாகின்றன.

இம்மூன்றிலும் அடங்காதது பருவக் கணக்கு. கோவை வெள்ளியங்கிரியில் ஆண்டின் முற்பகுதியிலுள்ள சில மாதங்களிலேயே மலையேற்றம் நிகழ்கிறது. அங்குக் காலத்தை வரையறுப்பவை வானநிலையும் காட்டின் நிலையும் ஆகும், திதி அன்று.

இவ்வகைப்பாடு பின்வரும் ஆய்வுக்கு அடிப்படையாகிறது. திதியை அடிப்படையாகக் கொண்ட பயணம், மழையையும் வெள்ளத்தையும் தன் கணக்கில் கொள்வதில்லை. சதுரகிரியில் பின்னர் எழுந்த சிக்கலின் வேர் இதுவே.

சதுரகிரி: இடமும் பெயரும்

சதுரகிரி மேற்குத்தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் அமைந்துள்ளது. கோயில் அமைந்த இடம் மதுரை மாவட்டம் பேரையூர் வட்டத்தின் சாப்டூர் வனப்பகுதியைச் சார்ந்தது. ஆனால் பெரும்பான்மையோர் ஏறும் தாணிப்பாறை அடிவாரம் விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்பை அடுத்துள்ளது. சாப்டூர் வழியும், தேனி மாவட்டத்து வருசநாட்டு வழியும் வழக்கில் உள்ள பிற வழிகளாகும். மூன்று மாவட்ட மக்களும் தத்தம் திசையிலிருந்து ஏறி ஓரிடத்தில் கூடும் அமைப்பு இம்மலைக்கு உண்டு.

பெயர்க்காரணம் பற்றி வழங்கும் விளக்கங்களுள் ஒன்று, நாற்புறமும் மலைகள் சதுரமாகச் சூழ்ந்திருப்பதைச் சுட்டுகிறது. கிழக்கே இந்திரகிரி, மேற்கே வருணகிரி, தெற்கே எமகிரி, வடக்கே குபேரகிரி எனத் திசைக்காவலர் பெயரால் அவை வழங்குகின்றன. மற்றொரு விளக்கம் நான்கு வேதங்களே மலையாக நின்றன என்கிறது. முன்னது நிலத்தோற்றத்தையும் பின்னது சமயப் பொருளையும் அடிப்படையாகக் கொண்டவை.

சுந்தரமகாலிங்கம், சந்தனமகாலிங்கம் ஆகிய இரண்டும் மலைமேல் உள்ள முதன்மைச் சந்நிதிகள். சுந்தரமகாலிங்கம் சற்றுச் சாய்ந்த நிலையில் உள்ளது. இச்சாய்வுக்குக் காரணமாக வழங்குவது பச்சைமால் என்னும் ஆயனின் கதை. தன் பசுவின் மடியில் வாய்வைத்துப் பால் உண்ட தவசியைக் கள்வன் என்று எண்ணிக் கோலால் அடிக்க, அடிபட்டவர் சிவபெருமான் என அறிந்து அவன் வருந்தினான். இறைவன் அவனுக்கு அருளி அங்கேயே இலிங்கமாக அமர்ந்தான் என்பது அக்கதை. இலிங்கத்தின் மேல் பசு தானே பால் சொரிவதாகக் கூறும் தலக்கதைகள் பல. சதுரகிரிக் கதை அவ்வமைப்பிலிருந்து வேறுபடுகிறது. இதில் ஆயனின் சினமும் பிழையும் இறைவன் திருமேனியில் வடுவாகவும் சாய்வாகவும் நிலைபெறுகின்றன. மேய்ச்சல் வாழ்க்கையை மையமாகக் கொண்ட மலைக்கோயில் மரபு இக்கதையில் தன் தடத்தைப் பதித்துள்ளது எனலாம்.

திதிகளின் திரள்

சதுரகிரிக்கு மக்கள் பௌர்ணமியில் செல்வதற்குக் காரணம் நிலவொளி என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். மின்விளக்கு இல்லாத காலத்தில் காட்டுவழியில் நடக்க நிலவு துணையானது உண்மையே. ஆனால் இவ்விளக்கம் அமாவாசைப் பயணத்துக்குப் பொருந்தாது. இம்மலையின் மிகப்பெரிய கூட்டம் திரள்வது ஆடி அமாவாசையில். நிலவே இல்லாத இரவில். எனவே ஒளியை மட்டும் காரணமாகக் கொள்ளுதல் இயலாது.

காரணத்தைத் திதிகளின் வரிசையில் தேடுதல் பொருத்தமாகும். தேய்பிறையின் பதின்மூன்றாம் திதியாகிய திரயோதசியின் மாலைப்பொழுது பிரதோஷம். பதினான்காம் திதியாகிய சதுர்த்தசியின் இரவு மாத சிவராத்திரி. அதனை அடுத்து வருவது முன்னோர் வழிபாட்டுக்குரிய அமாவாசை. அதாவது சைவத்தின் இரு சிறப்பு வழிபாட்டுப் பொழுதுகளும் முன்னோர்க்குரிய நாளும் அடுத்தடுத்து நிற்கின்றன. வளர்பிறையிலும் பிரதோஷம் பௌர்ணமியை ஒட்டியே வருகிறது. ஆகவே சதுரகிரிப் பயணத்தைத் தனி ஒரு நாளின் வழிபாடாகக் கொள்வதைவிட, திரயோதசியில் தொடங்கி அமாவாசையிலோ பௌர்ணமியிலோ முடியும் திதித்திரளின் வழிபாடாகக் கொள்வதே ஏற்புடையது.

இத்திரளின் உச்சமாக அமாவாசை அமைவதற்கு மேலும் இரு காரணங்களைக் கருதலாம். ஒன்று சித்தர் மரபு. சதுரகிரி சித்தர் வாழும் மலையாகப் போற்றப்படுகிறது. கோரக்கர் குகை, சட்டநாதர் குகை என இடங்களும் அவர்கள் பெயரால் வழங்குகின்றன. சித்தர் இறந்தும் இறவாதவர் என்பது மக்கள் நம்பிக்கை. முன்னோரை நினைக்கும் நாளும் மறைந்துறையும் சித்தரை நாடும் நாளும் ஒன்றாவது இந்நம்பிக்கைக்கு இயல்பானது.

மற்றொன்று நீர். அமாவாசையில் முன்னோர்க் கடன் செய்வோர் பொதுவாகக் கடற்கரையையும் ஆற்றுத்துறையையும் நாடுவர். இராமேசுவரம், காவிரிப் படித்துறைகள் ஆகியவை நீர் பெருகிச் சேரும் இடங்கள். சதுரகிரியில் அமாவாசைக்குச் செல்வோர் அதற்கு எதிர்த்திசையில், ஓடைகளும் ஊற்றுகளும் பிறக்கும் இடத்தை நோக்கி ஏறுகின்றனர். முன்னோர் வழிபாட்டுக்கும் நீருக்கும் உள்ள உறவு இங்கு அறுபடவில்லை; முடிவிடத்திலிருந்து தோற்றுவாய்க்கு மாறியுள்ளது.

ஆடி அமாவாசை, தை அமாவாசை என்னும் பெயர்களும் கருதத்தக்கவை. ஆடி, தை என்பன சூரியமாதங்கள், அமாவாசை திதி. இரு கணக்குகளையும் ஒரு தொடரில் பிணைத்த பெயர்கள் இவை. ஆடி தட்சிணாயனத்தின் தொடக்கம். தை உத்தராயணத்தின் தொடக்கம். இரு கணக்குகளும் எப்போதும் சீராகப் பொருந்துவதில்லை. 2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஜூலை 17, ஆகஸ்டு 16 என இரு அமாவாசைகள் வந்தன; ஆகஸ்டு 16ஆம் நாளே ஆடி அமாவாசையாகப் பரவலாகக் கொள்ளப்பட்டது. மாதவழிபாட்டு நாள் தானே வந்து சேர்வதன்று. பஞ்சாங்க முறையாலும் வழக்காலும் முடிவுசெய்யப்படுவது என்பதற்கு இது சான்று.

மலைவழி என்னும் வாய்மொழி ஆற்றுப்படை

தாணிப்பாறையிலிருந்து மேலேறும் வழியின் இடப்பெயர்களை நான்கு வகைப்படுத்தலாம்.

1. பாறைப்பெயர்கள்: வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, பச்சரிசிப்பாறை, தவசிப்பாறை.
2. நீர்ப்பெயர்கள்: மாங்கனி ஓடை, அத்தி ஊற்று, நாவல் ஊற்று.
3. காவல்தெய்வப் பெயர்கள்: பேச்சியம்மன், கருப்பசாமி, வனதுர்க்கை, பிலாவடிக் கருப்பர்.
4. சித்தர் பெயர்கள்: கோரக்கர் குகை, சட்டநாதர் குகை.

இவற்றுள் முதல் இரு வகையும் நடப்பவருக்கு நேரடிப் பயன் தருபவை. வழுக்குப்பாறை என்னும் பெயர் ஓர் எச்சரிக்கை. சங்கிலிப்பாறை என்னும் பெயர் பற்றி ஏறுவதற்குரிய துணையைச் சுட்டுகிறது. நாவலும் அத்தியும் நீர் ஊறும் இடத்துக்கு அடையாளமாகும் மரங்கள். மூன்றாம் வகை, காட்டுக்குள் நுழையும் இடத்திலும் கோயிலை அணுகும் இடத்திலும் நடப்பவரை நின்று வணங்கச் செய்கிறது. நான்காம் வகை பயணத்தின் சமயப் பொருளை நினைவூட்டுகிறது. ஓய்வு, நீர், அச்சம், அடைக்கலம் என்பவற்றை இப்பெயர்களே முறைப்படுத்துகின்றன.

இவ்வமைப்பை மலைபடுகடாத்தோடு ஒப்பிடுதல் தகும். பெருங்கௌசிகனார் பாடிய, 583 அடிகள் கொண்ட இக்கூத்தராற்றுப்படை, நன்னனிடம் செல்லும் மலைவழியின் இடர்களை விரிவாக உரைக்கிறது. பாம்பு உறையும் இடம், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல், பாசி படர்ந்து வழுக்கும் நிலம் என ஒவ்வொன்றையும் கூறி, அவ்விடத்தில் நடந்துகொள்ள வேண்டிய முறையையும் சொல்கிறது. அந்நூல் கூறும் நவிரமலை இன்றைய பர்வதமலை எனக் கருதப்படுகிறது; அங்கும் பௌர்ணமி மலையேற்றம் வழக்கில் உள்ளது. சங்கப்புலவர் அடிகளில் விரித்த வழியறிவைச் சதுரகிரி வழிநடைமரபு இடப்பெயர்களில் சுருக்கி வைத்துள்ளது. முன்னது புரவலனை நாடும் வழி. பின்னது இறைவனை நாடும் வழி. இரண்டிலும் சென்றுவந்தவர் செல்பவருக்கு உரைத்தல் என்னும் ஆற்றுப்படை இலக்கணம் பொதுவாக நிற்கிறது. சங்க இலக்கியத்திலிருந்து இன்றைய வழக்குவரை இடையறாத தொடர்ச்சி உண்டு என இதனால் நிறுவிவிட இயலாது. மலைவழி ஒன்றை மொழியால் கையாளும் முறை இரு காலத்தும் ஒத்துள்ளது என்பதே இங்குக் கூறத்தக்கது.

வெள்ளமும் அனுமதியும்

சதுரகிரி மலைவழி ஓடைகளைக் குறுக்கிட்டும் அவற்றை ஒட்டியும் செல்கிறது. சரிவு மிகுந்த மலையில் மேற்பகுதியில் பெய்யும் மழை குறுகிய நேரத்தில் ஓடைகளில் இறங்கிவிடும். கீழே வானம் தெளிந்திருக்கும்போதே வெள்ளம் வருதல் கூடும். 2015ஆம் ஆண்டு மே மாதம் அமாவாசையை ஒட்டிச் சென்றோர் இத்தகைய காட்டாற்று வெள்ளத்தில் சிக்கினர்; உயிரிழப்பும் நேர்ந்தது. திதி மக்களை ஓரிடத்தில் ஒரே நாளில் திரட்டியது. கோடைமழை அதே நாளில் பெய்தது. திதியின் கணக்குக்கும் மழையின் போக்குக்கும் தொடர்பில்லை என முன்னர்க் கூறியது இங்கு உயிர்ச்சேதமாக வெளிப்பட்டது.

அதன்பின் மலையேற்றம் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. பிரதோஷம் தொடங்கி அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி நான்கு நாள்கள் என மாதத்துக்கு எட்டு நாள் அனுமதிக்கும் முறை நிலவியது. மழைக்காலத்தில் ஓடைகளில் நீர்வரத்து மிகுந்தால் அந்நாள்களிலும் அனுமதி மறுக்கப்பட்டது. இரவில் தங்குதல் தடுக்கப்பட்டது. நெகிழிப் பொருள்களுக்கும் தடை வந்தது. இப்பகுதி 1988ஆம் ஆண்டு முதல் சாம்பல்நிற அணில்களுக்கான சரணாலயத்தின் பகுதி. 2021ஆம் ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டபின் காட்டுப் பாதுகாப்பும் கட்டுப்பாட்டுக்கு வலுவான காரணமாயிற்று. நாள்தோறும் வழிபட அனுமதி வேண்டும் என்னும் கோரிக்கை நீதிமன்றம் வரை சென்றது.

நான்கு நாள் முறையின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓராண்டில் ஏறத்தாழ 12.37 திதிச்சுற்றுகள் உண்டு. சுற்றுக்கு எட்டு நாள் எனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 99 நாள் மலை திறந்திருக்கும்; எஞ்சிய 266 நாள் காட்டுக்கு உரியதாகும். மழைத்தடை நாள்களைக் கழித்தால் முன்னது மேலும் குறையும். ஆண்டின் நான்கில் மூன்று பங்குக்கு நெருங்கிய காலம் காடு மனிதத் திரளின்றி இருப்பதற்கு இம்முறை வழிசெய்தது. அதே வேளையில், அனுமதித்த நான்கு நாளும் மேற்கூறிய திதித்திரளோடு பெரிதும் ஒத்துவருகின்றன. நிருவாகம் தன் வசதிக்காகப் புதுக்கணக்கு ஒன்றைப் படைக்கவில்லை. வழக்கிலிருந்த கணக்கையே விதியாக்கியது.

நாளும் பொழுதும்

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. திதிவழிபாடு நாளை மட்டும் சார்ந்ததன்று, பொழுதையும் சார்ந்தது. பிரதோஷம் கதிரவன் மறையும் வேளைக்குரியது. மாத சிவராத்திரி நள்ளிரவுக்குரியது. பௌர்ணமியின் சிறப்பு நிலவெழுந்த இரவில். காலையில் ஏறி மாலைக்குள் இறங்கவேண்டும் என்னும் பொதுவிதி இம்மூன்று பொழுதுகளையும் வழிபடுவோருக்கு எட்டாதனவாக்குகிறது. பிரதோஷ நாளில் மலையேறியவர் பிரதோஷ வேளையில் அடிவாரத்தை நெருங்கிக்கொண்டிருப்பார். அமாவாசைக்குரிய முன்னோர் வழிபாடு பகலுக்குரியதாதலின் அதற்கு மட்டும் இவ்விதி பெரிதும் இடையூறாகவில்லை. திதித்திரளில் அமாவாசையின் முதன்மை மேலும் வலுப்பெற இதுவும் துணைசெய்யும் எனக் கருதலாம்.

எனவே அனுமதி பற்றிய விவாதத்தை 'எட்டு நாளா, எல்லா நாளுமா' என்னும் எண்ணிக்கைக்குள் அடக்குவது வழிபாட்டின் இயல்பை முழுமையாகக் காட்டாது. எல்லா நாளும் பகலில் ஏறலாம் என்னும் நிலையில் நாள்களின் எண்ணிக்கை கூடும். ஆனால் இழந்த பொழுதுகள் மீளா. திதிக்குரிய திரளும் தளரக்கூடும். கூட்டம் பரவுவதால் ஒரே நாளின் நெருக்கடி குறையலாம். காடு ஆள்நடமாட்டமின்றி இருக்கும் காலமும் குறையும். மறுபுறம், இரவுத் தங்கலை மீண்டும் வேண்டுவோர் 2015ஆம் ஆண்டு நிகழ்வை மறந்துவிட இயலாது. வழிபாட்டின் பொழுதும் நடப்பவரின் உயிரும் காட்டின் அமைதியும் ஒரே மலையில் இடம் வேண்டுகின்றன. இவற்றுள் எதனை எந்த அளவுக்கு விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து முடிவெடுக்க வேண்டுமெனில், முதலில் வழிபாட்டின் காலக்கூறுகளைப் பகுத்தறிதல் தேவை.

இதில் தமிழாய்வாளர்க்கு ஒரு கடமை உண்டு. இரவுத் தங்கல் நின்றதால் ஊற்றருகிலும் பாறைமேலும் அமர்ந்து மூத்தோர் இளையோர்க்கு இடக்கதை உரைக்கும் நேரமும் சுருங்கியது. குறித்த நேரத்துக்குள் ஏறி இறங்குபவருக்குப் பெயர்ப்பலகை போதும். பெயருக்குப் பின்னுள்ள கதை தேவைப்படுவதில்லை. ஆகவே தாணிப்பாறை, சாப்டூர், வருசநாடு ஆகிய மூன்று வழிகளின் இடப்பெயர்களையும் அவற்றோடு வழங்கும் கதைகளையும் தனித்தனியே தொகுத்து ஒப்பிடும் பணி விரைந்து மேற்கொள்ளத்தக்கது.

முடிவுரை

மலைக்கோயில்களின் மாதவழிபாடு சூரியமாதம், நட்சத்திரம், திதி என வெவ்வேறு கணக்குகளைச் சார்ந்தது. சதுரகிரி வழிபாடு திரயோதசி முதல் அமாவாசை அல்லது பௌர்ணமி வரையிலான திதித்திரளைச் சார்ந்தது. அமாவாசையின் முதன்மைக்கு நிலவொளி விளக்கம் பொருந்தாது. முன்னோர் வழிபாடு, சித்தர் மரபு, நீரின் தோற்றுவாய் ஆகியவை பொருந்துகின்றன. மலைவழியின் இடப்பெயர்கள் வாய்மொழி ஆற்றுப்படையாகச் செயற்படுகின்றன. 2015ஆம் ஆண்டுக்குப் பிந்திய அனுமதி முறை திதிநாளை விதியாக்கிக் காத்தது. ஆனால் மாலை, நள்ளிரவு, நிலவிரவு ஆகிய பொழுதுகளை வழிபாட்டிலிருந்து நீக்கியது. நாள் நின்று பொழுது நீங்கிய இந்நிலையைக் கருத்திற்கொண்டே சதுரகிரியின் நாளைய வழிபாட்டு முறையை வகுத்தல் வேண்டும்.